ஸ்டெகோமியா ஃபாஸியாட்டா என்ற கொசு எங்கே போயிற்று?

கேள்வி இதுதான். கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆய்வு செய்யும் ஒரு மாணவி, கோலாலம்பூரில் உட்கார்ந்து 1909 முதல் 1925 வரையிலான பழைய சுகாதார அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருக்கிறார். அவற்றில் ஸ்டெகோமியா ஃபாஸியாட்டா, ஸ்டெகோமியா ஸ்கூட்டெல்லாரிஸ், மைஸோரிங்கஸ் அம்ப்ரோஸஸ், க்யூலெக்ஸ் ஃபாட்டிகன்ஸ், அனோஃபிலிஸ் லட்லோவி என்றெல்லாம் கொசுப் பெயர்கள் வருகின்றன. இன்றைய பட்டியலில் தேடினால் பாதி கிடைக்கவில்லை. இந்தக் கொசுக்கள் மலாயாவிலிருந்து அழிந்துவிட்டனவா, பெயர்தான் மாறிவிட்டதா, ஆய்வேட்டில் எந்தப் பெயரை எழுதுவது என்று கேட்கிறார்.

எதுவும் அழியவில்லை. முதல் பெயர் இன்று காலையில்கூட உங்களைக் கடித்திருக்கலாம். அதுதான் டிங்கி பரப்பும் ஏடிஸ் ஏஜிப்டி. ஆனால் "பழைய பெயர் இது, புதிய பெயர் அது" என்று இரண்டு பத்தி அட்டவணை போட்டு வேலையை முடித்துவிடாதீர்கள். நீங்கள் சொன்ன பெயர்களில் சில நேராக ஒரே கொசுவுக்குப் போகும். சில, இன்று இரண்டு மூன்று இனங்களாகப் பிரிந்துவிட்டன. ஓரிரண்டு, அந்தக் காலத்து ஆட்கள் தவறான கொசுவுக்கு வைத்த பெயர்கள். அதே பெயரில் வேறொரு கொசு இன்றும் வேறு நாட்டில் இருக்கிறது. கொசுப்புழுவை நுண்ணோக்கியில் பார்த்தே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஃபாஸியாட்டா. 1900இல் கியூபாவில் வால்டர் ரீட் குழு மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஒரு கொசு என்று நிரூபித்தபோது (கார்லோஸ் ஃபின்லே அதை 1881லேயே சொல்லிவிட்டார், யாரும் காது கொடுக்கவில்லை) அந்தக் கொசுவை அவர்கள் க்யூலெக்ஸ் ஃபாஸியாட்டஸ் என்று எழுதினார்கள். ஃபாப்ரிசியஸ் 1805இல் வைத்த பெயர். மறு ஆண்டே லண்டனில் தியோபால்ட் என்ற பூச்சியியலாளர், செதில் அமைப்பை வைத்து ஸ்டெகோமியா என்று புதிய பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி, பெயரின் முதல் பாதி) உண்டாக்கி இதை அதில் போட்டார். க்யூலெக்ஸ் ஆண்பால், ஸ்டெகோமியா பெண்பால், அதனால் ஃபாஸியாட்டஸ் ஃபாஸியாட்டா ஆனது. லத்தீன் இலக்கணம் அவ்வளவுதான், கொசுவில் மாற்றம் இல்லை.

சிக்கல் அப்புறம்தான் வந்தது. விலங்குகளுக்குப் பெயர் வைப்பதில் முதலில் வைத்தவருக்கே உரிமை. கணக்கு 1758இல் வந்த லின்னேயஸின் நூலிலிருந்து தொடங்குகிறது. க்யூலெக்ஸ் ஃபாஸியாட்டஸ் என்ற பெயரை 1764லேயே முல்லர் வேறொரு கொசுவுக்கு வைத்திருந்தார். ஆக, ஃபாப்ரிசியஸின் பெயர் செல்லாது. சரி, அடுத்த பழைய பெயர் எது என்று தேடினார்கள். மெய்கன் 1818இல் வைத்த கலோபஸ் கிடைத்தது. அமெரிக்கர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு 1787இல் ப்வாரே வைத்த ஆர்ஜென்டியஸ் கண்ணில் பட்டது. 1920களில் பிரிட்டிஷ் அறிக்கைகளில் ஏடிஸ் ஆர்ஜென்டியஸ் என்று வரும். கடைசியில் 1762க்குப் போய் லின்னேயஸின் க்யூலெக்ஸ் ஏஜிப்டியில் நின்றார்கள். 1920 வாக்கில் டயர் அதை முன்வைத்தார், மெல்ல மெல்ல எல்லோரும் ஏற்றார்கள். எனவே உங்கள் காலப்பகுதியில் ஃபாஸியாட்டா, கலோபஸ், ஆர்ஜென்டியஸ், ஏஜிப்டி நான்கும் நடமாடும். நான்கும் ஒரே கொசு. இந்த ஒரு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி எழுதலாம்.

இங்கே நம் ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. லின்னேயஸின் மாணவர் ஹாசல்குவிஸ்ட் எகிப்து, பாலஸ்தீனப் பக்கம் போய்ச் சேகரித்துவிட்டு 1752இல் ஸ்மிர்னாவில் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளை ஆசிரியர் பதிப்பித்தார். ஏஜிப்டி என்ற பெயருக்கு அடிப்படையான அந்தக் கொசு விளக்கத்தைக் கூர்ந்து படித்தால் நம் டிங்கிக் கொசுவுக்குச் சரியாகப் பொருந்தவில்லை, அதே பகுதியில் இருக்கும் வேறொரு கொசுவைச் சொல்வது போலிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மூல மாதிரியும் இல்லை. அதற்குள் உலகமே ஏஜிப்டி என்று எழுதிப் பழகிவிட்டது. மறுபடி மாற்றினால் பைத்தியம் பிடிக்கும் என்று 1962இல் மேட்டிங்லி, ஸ்டோன், நைட் மூவரும் சர்வதேசப் பெயரிடல் ஆணையத்திடம் போய், இந்தப் பெயரை இந்தக் கொசுவுக்கே நிலைநிறுத்துங்கள் என்று கேட்டார்கள். அதற்காக ஒரு புதிய அடையாள மாதிரியையும் நியமித்தார்கள். அது கோலாலம்பூரிலிருந்து போன ஓர் ஆண் கொசு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகத்தில் எங்கே யார் "இது ஏடிஸ் ஏஜிப்டிதானா" என்று சந்தேகப்பட்டாலும், சட்டப்படி ஒப்பிட வேண்டியது நம் ஊர்க் கொசுவோடுதான். எகிப்தின் பெயர், ஆப்பிரிக்காவில் பிறப்பு, கோலாலம்பூரில் சாட்சி!

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்டெகோமியா என்று பார்த்ததும் நூறு வருடப் பழைய கட்டுரை என்று முடிவு செய்யாதீர்கள். 1920களுக்குப் பிறகு ஸ்டெகோமியா ஏடிஸின் துணைப்பேரினமாகச் சுருங்கியது, இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் 2004இல் ரைனெர்ட், ஹார்பாக், கிட்சிங் மூவரும் ஏடிஸை உடைத்து ஸ்டெகோமியாவை மீண்டும் தனிப் பேரினமாக்கினார்கள். சிலர் ஸ்டெகோமியா ஏஜிப்டி என்று எழுத ஆரம்பித்தார்கள். மருத்துவப் பூச்சியியல் இதழ்கள் சில ஒத்துக்கொள்ளவில்லை. சுகாதாரத் துறை ஆட்களுக்கும் பிடிக்கவில்லை. அறிவிப்புப் பலகை, சட்டம், பொதுமக்களின் வாய் எல்லாம் ஏடிஸ் என்று இருக்கும்போது யார் மாற்றுவது? 2015இல் வில்கர்சன் குழு மறுபடி எல்லாவற்றையும் ஏடிஸுக்குள் திருப்பிவிட்டது. என் கருத்தைக் கேட்டால், 2004 பகுப்பாய்வில் உழைப்பு நிறைய, ஆனால் அதை வைத்து இவ்வளவு பிரபலமான பெயரை அசைத்திருக்க வேண்டாம். உங்களுக்கு எளிய அடையாளம் ஒன்று: ஸ்டெகோமியாவுக்குப் பின்னால் ஃபாஸியாட்டா அல்லது கலோபஸ் வந்தால் பழைய காலம், ஏஜிப்டி அல்லது அல்போபிக்டா வந்தால் பெரும்பாலும் 2004க்குப் பிறகு.

அல்போபிக்டா என்றதும் உங்கள் இரண்டாவது பெயருக்கு வருவோம். ஸ்கூட்டெல்லாரிஸ். கவனம் தேவைப்படும் முதல் பெயர் இது. ஆசியப் புலிக்கொசு, அதாவது ஏடிஸ் அல்போபிக்டஸ், 1890களில் ஸ்கூஸ் என்பவர் கல்கத்தா மாதிரிகளை வைத்துப் பெயரிட்டது. ஆனால் தியோபால்ட் காலத்தில் இதை ஸ்கூட்டெல்லாரிஸோடு ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள். அதனால் மலாயாவின் பழைய அறிக்கையில் ஸ்டெகோமியா ஸ்கூட்டெல்லாரிஸ் என்று இருந்தால் அது நம் தோட்டங்களில், வெட்டிய மூங்கில் அடிக்கட்டையிலும் சிரட்டையிலும் முட்டையிடும் அல்போபிக்டஸ்தான். உண்மையான ஸ்கூட்டெல்லாரிஸ் நியூகினிப் பக்கத்துக் கொசு. இன்றைய பட்டியலில் ஸ்கூட்டெல்லாரிஸ் என்று தேடினால் கிடைக்கும், ஆனால் கிடைப்பது உங்கள் கொசு அல்ல. காணாமல் போன பெயரைவிட இப்படி உயிரோடு இருக்கும் பெயர்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஏஜிப்டிக்கும் அல்போபிக்டஸுக்கும் வித்தியாசம் பார்ப்பது சுலபம். ஏஜிப்டியின் முதுகில் யாழ் வடிவத்தில் வெள்ளைக் கோடுகள், அல்போபிக்டஸுக்கு நடுவில் ஒரே வெள்ளைக் கோடு. புழுவாக இருந்தால் எட்டாம் கண்டத்துச் சீப்புச் செதில்களைப் பார்க்க வேண்டும்: ஏஜிப்டிக்கு நடுமுள்ளின் பக்கங்களில் சின்ன முட்கள் இருக்கும், அல்போபிக்டஸுக்கு ஒற்றை முள்தான். அந்தக் கால அதிகாரிகளும் இந்த இரண்டையும் நன்றாகவே பிரித்தார்கள். எந்தப் பெயர் போட்டார்கள் என்பதில்தான் தகராறு.

ஃபாஸியாட்டாவை ஏன் அவ்வளவு கவலையோடு எழுதியிருக்கிறார்கள் என்றும் உங்கள் அறிக்கைகளைப் படிக்கும்போது தோன்றும். டிங்கிக்காக அல்ல. 1901-02இல் பினாங்கில் டிங்கி பரவியதை ஸ்கே என்ற மருத்துவர் பதிவு செய்திருக்கிறார், ஆனால் அப்போது அதை எலும்பை முறிக்கும், ஆனால் ஆளைக் கொல்லாத காய்ச்சல் என்றே நினைத்தார்கள். பயமெல்லாம் மஞ்சள் காய்ச்சல். பனாமா கால்வாய் 1914இல் திறந்தது. அமெரிக்கப் பக்கத்து மஞ்சள் காய்ச்சல் கப்பலேறி நேராக ஆசியாவுக்கு வந்துவிடும், இங்கே பரப்பும் கொசு தயாராக இருக்கிறது என்று துறைமுக அதிகாரிகள் தூக்கம் தொலைத்தார்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், அதாவது 1900இல் தொடங்கிய ஐ.எம்.ஆரில், பணிபுரிந்த ஸ்டான்டன் 1920இல் தூரக்கிழக்குத் துறைமுகங்களின் கொசுக்களைப் பற்றி எழுதிய கட்டுரை முழுக்க ஃபாஸியாட்டா எங்கே எவ்வளவு என்பதுதான். மஞ்சள் காய்ச்சல் வரவே இல்லை. வந்தது வேறு: 1962இல் பினாங்கில் இரத்தக்கசிவு டிங்கி, 1973இல் நாடு முழுக்கப் பெரிய பரவல், 1975இல் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம். இன்று வீட்டில் ஜெந்தேக்-ஜெந்தேக் (கொசுப்புழு) கண்டுபிடித்து அதிகாரி கம்பவுண்டு, அதாவது அபராதம், எழுதுவது அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

க்யூலெக்ஸ் ஃபாட்டிகன்ஸை வேகமாக முடித்துவிடலாம். லொங்காங் (சாக்கடை) தண்ணீரில் வளர்ந்து இரவில் காதருகே பாடும் கொசு. இன்றைய பெயர் க்யூலெக்ஸ் குயின்குயிஃபாஸியாட்டஸ். வீடமன் 1828இல் ஃபாட்டிகன்ஸ் என்றார், ஸே 1823லேயே மற்றதை வைத்திருந்தார், ஐந்து வருட முன்னுரிமை. ஆனால் ஃபாட்டிகன்ஸ் என்ற பெயர் லேசில் சாகவில்லை. தமிழ்நாட்டில் 1970களில் மருத்துவம் படித்தவர்களைக் கேளுங்கள், யானைக்கால் என்றதும் ஃபாட்டிகன்ஸ் என்றுதான் வாயில் வரும். ஒரு எச்சரிக்கை மட்டும். 1903இல் பெய்ரூட்டில் கிரஹாம் என்பவர், டிங்கியைப் பரப்புவது ஃபாட்டிகன்ஸ் என்று அறிவித்தார். 1906இல் குயின்ஸ்லாந்தின் பான்கிராஃப்ட் இல்லை, ஸ்டெகோமியா என்றார். 1916இல் சிட்னியில் கிளீலண்ட் குழுவின் சோதனைகள் அவர் பக்கம் நின்றன. ஆகவே உங்கள் 1909 அறிக்கையில் "டிங்கிக்குக் காரணம் ஃபாட்டிகன்ஸ்" என்று இருந்தால் அதைப் பெயர்ப் பிழை என்று ஏஜிப்டி ஆக்கிவிடாதீர்கள். எழுதியவர் க்யூலெக்ஸைத்தான் சொன்னார். அன்றைய கருத்து தவறு, பெயர் சரி.

இனி மலேரியா. உங்கள் ஆய்வுக்கு உயிர்நாடி இதுதான், சிக்கலும் இங்கேதான் அதிகம். மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் பேரினத்தையும் தியோபால்ட் விடவில்லை: மைஸோமியா, மைஸோரிங்கஸ், நிஸ்ஸோரிங்கஸ், செல்லியா, பைரெட்டோஃபரஸ் என்று துண்டு போட்டார். பிறகு அவையெல்லாம் அனோஃபிலிஸுக்கே திரும்பின. எனவே மைஸோரிங்கஸ் அம்ப்ரோஸஸ் என்பது அனோஃபிலிஸ் அம்ப்ரோஸஸ். இதுவரை எளிது.

1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் அதே ஆண்டு திறந்து, கூலிகளும் அதிகாரிகளும் கொத்துக் கொத்தாகக் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள். வாட்சன் சதுப்புக் காட்டை வெட்டி, வாய்க்கால் இழுத்து நீரை வடித்தார். காய்ச்சல் சடசடவென்று குறைந்தது. சமவெளியின் நிழலான, பழுப்பு நிறச் சதுப்பு நீரில் வளரும் அம்ப்ரோஸஸ்தான் குற்றவாளி என்று எழுதப்பட்டது. அதே வித்தையை மலைத் தோட்டங்களில் செய்தார்கள். காட்டை வெட்டினார்கள், வெயில் விழுந்தது, மலேரியா குறையவில்லை. வெயில் படும் தெளிந்த ஓடைநீரை விரும்பும் வேறொரு கொசு அங்கே இருந்தது. பால்மரம் நடக் காட்டைத் திறந்ததே அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது போலாயிற்று. லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) கொய்னா விழுங்கிக்கொண்டு செத்துப்போனவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் அறிக்கைகளே சொல்லும். வாட்சன் பிறகு ஓடைகளைப் பூமிக்கடியில் குழாயில் விட்டும், எண்ணெய் தெளித்தும் அதைச் சமாளித்தார்.

அந்த மலைக்கொசுவை அவர் வில்மோரி என்று எழுதினார். நாம் இன்று மேகுலேட்டஸ் என்கிறோம். வில்மோரி என்று ஓர் இனம் இன்றும் இருக்கிறது, ஆனால் அது இமயமலை அடிவாரப் பக்கம். ஸ்கூட்டெல்லாரிஸ் கதைதான் மறுபடியும். மேகுலேட்டஸே பிற்காலத்தில் பல இனங்களின் கூட்டமாகிவிட்டது என்பது தனிக் கதை.

அம்ப்ரோஸஸ் இன்னும் மோசம். 1944இல் சந்தோஷம் என்ற நம் மலாயா ஒட்டுண்ணியியலாளர், அம்ப்ரோஸஸ் என்று எழுதி வந்ததிலிருந்து லெட்டிஃபர் என்ற இனத்தைப் பிரித்துக் காட்டினார். கரையோரச் சமவெளித் தோட்டங்களில் ஆளைத் தேடிக் கடித்து மலேரியா பரப்பியதில் லெட்டிஃபருக்குப் பெரிய பங்கு. அதாவது 1944க்கு முந்திய எந்த அறிக்கையிலும் அம்ப்ரோஸஸ் என்ற சொல் குறைந்தது இரண்டு கொசுக்களை மூடியிருக்கிறது. இதோடு முடியவில்லை. கோலாலம்பூர் ஆய்வாளர்கள் 1960களில் அம்ப்ரோஸஸைப் பிடித்து அறுத்துப் பார்த்து, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்த மலேரியாக் கிருமிகளில் பெரும்பகுதி மனிதனுடையதே அல்ல, சருகுமானுடையது என்று கண்டார்கள். காட்டில் காஞ்சிலை, அதாவது அந்தச் சருகுமானை, கடித்து வந்த கிருமி! கொசுவின் சுரப்பியில் கிருமி இருக்கிறது, அதனால் இதுதான் தோட்டத்து மலேரியாவைப் பரப்புகிறது என்ற பழைய வாதத்துக்கு அடி இங்கேதான் விழுந்தது. ஆக, "கிள்ளானில் கூலிகளைக் கொன்றது அம்ப்ரோஸஸ்" என்று நீங்கள் தைரியமாக எழுதினால், புத்தக மதிப்புரையில் யாராவது ஒரு பூச்சியியலாளர் வந்து நிற்பார்.

லட்லோவி கடைசி. பினாங்கு, கடலோரப் பகுதிகளின் 1920கள் அறிக்கையில் உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வளரும் மலேரியாக் கொசு என்று வரும். அசல் லட்லோவி பிலிப்பீன்ஸின் நன்னீர்க் கொசு. 1925இல் டச்சுக் கிழக்கிந்தியாவில் (இன்றைய இந்தோனேசியா) ரோடன்வால்ட் உவர்நீர்க் கொசுவைப் பிரித்து, அது சண்டைகஸ் ஆனது. அதோடு நிற்கவில்லை. 2005இல் லின்டன், ஹார்பாக் இருவரும் சண்டைகஸையும் பிரித்து, தென் வியட்நாமிலிருந்து தீபகற்ப மலேசியா வரையுள்ளதை எபிரோட்டிகஸ் என்றார்கள். நூறு வருடத்தில் ஒரே கொசுவுக்கு மூன்று பெயர், மூன்றும் அந்தந்தக் காலத்தில் நியாயமானவை.

இதெல்லாம் பெயர்ப் பைத்தியம் என்று தள்ளிவிட வேண்டாம். டிங்கியைக் கட்டுப்படுத்த சிலாங்கூரில் 2017 முதல் ஐ.எம்.ஆர் வோல்பாகியா என்ற நுண்ணுயிர் ஏற்றிய ஏடிஸ் ஏஜிப்டியை விட்டுச் சோதித்தது. அந்த நுண்ணுயிர் வகை அல்போபிக்டஸில் இயற்கையாக இருப்பது. அதை எடுத்து ஏஜிப்டிக்குள் வைத்தார்கள். இரண்டையும் ஒரே பெயரில் போட்டிருந்தால் இந்த யோசனையே பிறந்திருக்காது.

சரி, ஆய்வேட்டில் என்ன எழுதுவது? ஆவணத்தில் உள்ள பெயரை முதல்முறை அப்படியே எழுதுங்கள், மேற்கோளுக்குள் கைவைக்காதீர்கள். ஃபாஸியாட்டாவுக்கும் ஃபாட்டிகன்ஸுக்கும் பக்கத்தில் இன்றைய பெயரைத் தயங்காமல் போடலாம். ஸ்கூட்டெல்லாரிஸ், வில்மோரி இரண்டுக்கும் "மலாயா ஆவணங்களில் இப்பெயரால் குறிக்கப்பட்டது" என்று சேர்த்து எழுதுங்கள். அம்ப்ரோஸஸை அம்ப்ரோஸஸ் கூட்டம் என்றே விட்டுவிடுங்கள். லட்லோவிக்கு, எந்தத் தண்ணீரில் பிடித்தார்கள் என்று அறிக்கையில் பாருங்கள்: அலைநீர் வந்துபோகும் வாய்க்கால் என்றிருந்தால் இன்றைய எபிரோட்டிகஸ் என்று சொல்லலாம். பெயரில் தடுமாறிய அதே அதிகாரிகள் நிழலா வெயிலா, ஓடுநீரா தேங்கியதா, உப்பா என்பதை மிகக் கவனமாகக் குறித்திருக்கிறார்கள். அந்த வரிகளைத் தவறவிடாதீர்கள். ஓர் இனப்பெயருக்குப் பின்னால் பெயரிட்டவர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் அதை வேறு பேரினத்தில் வைத்திருந்தார் என்று அர்த்தம், அதைப் பிடித்துக்கொண்டு பழைய பேரினத்தைத் தேடலாம். தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.எம்.ஆர் ஆண்டறிக்கைகளைத் தேடும்போது ஏஜிப்டி என்று மட்டும் போட்டால் 1920க்கு முந்தியது எதுவும் வராது. கலோபஸ், ஆர்ஜென்டியஸ், ஃபாஸியாட்டா, ஃபாஸியாட்டஸ் நான்கையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.